பண்ணைப்புரம் தந்த பாவலர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், நம்ம வட்டாரத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றி இருந்தால் நல்லது என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுக் துரையைப் பற்றி எழுதாத மலர் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் கிடையாது. அதனால் அவரை விட்டுவிட்டேன். சினிமாவில் பெயரெடுத்தவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது, அந்தச் சினிமாக்காரர்களுக்கெல்லாம் முன்னாலே இதே மண்ணில் ஹார்மோனியப் பெட்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிய ஒருவரைப் பற்றி. பாவலர் வரதராஜன்.

பேரைச் சொன்னதும் இன்றைய மாணவத் தம்பி தங்கைகள் பெரும்பாலும் சொல்வது, இளையராஜாவின் அண்ணன்தானே என்று. ஆமாம், அண்ணன்தான். ஆனால் 1960-களில் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் கேட்டிருந்தால் பதில் தலைகீழாக இருந்திருக்கும். ராசையாவா, அது நம்ம பாவலர் தம்பி என்றுதான் சொல்லியிருப்பார்கள். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நடந்தது, நடுவில் எது தொலைந்தது என்பதுதான் எனக்கு ரொம்ப நாளாக மனசில் உறுத்திக் கொண்டிருக்கிற விஷயம்.

வெளியூரிலிருந்து வந்து நம் கல்லூரியில் படித்தவர்களுக்காக ஊரைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீரபாண்டி, முல்லைப் பெரியாற்றங்கரையில், கௌமாரியம்மன் கோயிலை வைத்துப் பிழைக்கிற ஊர். சித்திரைத் திருவிழாவுக்கு அக்கினிச் சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்துக்கொண்டு வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இங்கேயிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் போய், அங்கிருந்து போடிக்குப் போகிற மலையடிவார ரோட்டைப் பிடித்தால், கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவில் பண்ணைப்புரம். நிமிர்ந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. மலைக்கு அங்கிட்டு தேயிலை, ஏலக்காய். இங்கிட்டு நெல்லும் கடலையும். அப்போது இதெல்லாம் மதுரை மாவட்டம். தேனி மாவட்டம் 1990-களில் தனியாகப் பிரிந்தது.

இந்த மலையை ஏறி இறங்கிப் பிழைத்தவர்கள்தான் இந்த வட்டாரத்து ஏழை ஜனங்கள். குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு என்று எந்த வழியாக ஏறினாலும் மேலே எஸ்டேட்தான். லயன் வீடு, கங்காணி, துரை, கொழுந்துக் கூடை, அட்டைக் கடி. பாவலரின் தகப்பனார் டேனியல் ராமசாமியும் எஸ்டேட்டில் கங்காணி வேலை பார்த்தவர். குடும்பத்தில் மூத்தவர் வரதராஜன். பாஸ்கர், ராசையா, அமர்சிங் எல்லாரும் தம்பிமார். ராசையா 1943-ல் பிறந்தவர். பையன்கள் சின்ன வயசாக இருக்கும்போதே தகப்பனார் போய்விட்டார். சின்னத்தாயம்மாள் கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தார். அந்த அம்மாள் காட்டு வேலையில் பாடிய பாட்டுகள்தான் பின்னாளில் தமிழ்நாடே கேட்ட இசைக்கு அடி உரம் என்பதை ராஜா எத்தனையோ மேடைகளில் சொல்லியாகிவிட்டது. அதை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். எழுதினார், மெட்டமைத்தார், அவரே பாடினார். இந்த மூன்றையும் ஒரே ஆள் செய்வது சினிமா பார்த்துப் பழகிய நமக்கு அதிசயமாகத் தெரியும். சினிமாவில் எழுதுகிறவர் ஒருத்தர், மெட்டுப் போடுகிறவர் ஒருத்தர், பாடுகிறவர் இன்னொருத்தர், வாயசைக்கிறவர் நாலாவது ஆள். கர்நாடக சங்கீதத்தில் சொல்லும் இசையும் ஒருவரே அமைத்தால் வாக்கேயக்காரர் என்று மரியாதையாகச் சொல்வார்கள். தியாகராஜர் அப்படி. தெருவில் நின்று அதையே செய்தவருக்கு ஜனங்கள் பாவலர் என்று பேர் வைத்தார்கள். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எது என்று கேட்டால், பொதுக்கூட்ட மைதானம்தான்.

அந்தக் காலத்துப் பொதுக்கூட்டம் எப்படி நடக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் அவர் வேலையின் கஷ்டம் புரியும். டிவி கிடையாது. ரேடியோ ஊருக்கு ஒன்றிரண்டு, பஞ்சாயத்து போர்டு ரேடியோவையும் சேர்த்து. ரேடியோ சர்க்காருடையது, அதில் கட்சிப் பாட்டு வராது. மாலையில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிவிட்டுப் பாட்டுப் போட ஆரம்பிப்பார்கள். பேச வேண்டிய தலைவர் அங்கே ஒரு கூட்டம், இங்கே ஒரு கூட்டம் என்று முடித்துவிட்டு ராத்திரி பத்தோ பதினொன்றோ, எப்போது வருவார் என்று தெரியாது. காட்டு வேலை முடித்து, கஞ்சி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற ஜனங்களை அதுவரைக்கும் எழுந்து போகாமல் பிடித்து வைக்க வேண்டும். அது பாட்டுக்காரன் பொறுப்பு. பாட்டு நன்றாக இல்லையென்றால் யாரும் கூச்சல் போடமாட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதைவிடக் கடுமையான விமர்சகர்கள் எந்த சபாவிலும் கிடையாது.

அதுக்குப் பாவலர் பிடித்த வழிகள் இரண்டு. ஒன்று, நம்ம மண்ணின் மெட்டு. தெம்மாங்கு, கும்மி, நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. நாத்து நடுகிற பொம்பளைக்குத் தெரிந்த மெட்டில் கூலி உயர்வைச் சொன்னால், அவளுக்கு அது புதுப்பாட்டாகத் தோணாது. தன் பாட்டில் யாரோ ரெண்டு வரி சேர்த்த மாதிரி இருக்கும். இரண்டாவது, அப்போது ஓடிக்கொண்டிருந்த சினிமா மெட்டு. தியேட்டரில் அந்த மாசம் எந்தப் பாட்டு ஜனங்கள் வாயில் இருக்கிறதோ, அதே மெட்டில் அரிசி விலையும் ரேஷன் கடையும் வரும். கேட்பவனுக்கு மெட்டு ஏற்கெனவே மனப்பாடம். முதல் சரணம் முடிவதற்குள் அவனும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடுவான்.

சினிமா மெட்டைத் திருடினார் என்று குறைவாகப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மெட்டுக்கு எழுதுவதன் கஷ்டம் தெரியாது என்றுதான் சொல்வேன். மெட்டு நீட்டுகிற இடத்தில் நெடில் விழ வேண்டும். வெட்டுகிற இடத்தில் வல்லினம் வந்து நிற்க வேண்டும். மூலப் பாட்டில் காதலி பேர் வருகிற இடத்தில், அதே அசை அளவில் அமைச்சர் பேரோ வரியின் பேரோ வந்து உட்கார்ந்தால்தான் ஜனங்கள் சிரிப்பார்கள். சிரிப்பு எங்கே வர வேண்டும் என்று தெரியாதவனால் கேலிப்பாட்டு எழுத முடியாது. இதையெல்லாம் நாலு நாள் உட்கார்ந்து எழுத நேரமும் கிடையாது. காலையில் பேப்பரில் வந்த சேதி சாயங்காலம் மேடையில் பாட்டாக வேண்டும்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இதே வழியைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஸ்வீடனிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஜோ ஹில் என்ற தொழிலாளி, சர்ச்சில் பாடுகிற பாட்டுகளின் மெட்டை எடுத்துக்கொண்டு தொழிற்சங்கப் பாட்டு எழுதினார். 1915-ல் கொலைக் குற்றம் சாட்டி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் பின்னால் வுடி கத்ரி, பீட் சீகர். கத்ரி, பஞ்சம் பிழைக்கக் கலிபோர்னியா போன விவசாயக் கூலிகளின் முகாம்களில் பாடினவர். சீகர் ஒரு குழுவாகப் பாடிப் பெரிய பேர் எடுத்து, ஒரு சிகரெட் விளம்பரத்துக்குப் பாடும்படி ஆனபோது அது பிடிக்காமல், 1958-ல் குழுவை விட்டுத் தனியாகப் போனார். கையில் பாஞ்சோ என்கிற நரம்பு வாத்தியம் ஒன்றுதான். நம்ம பாவலருக்கு இவர்கள் யாரையும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பசியும் மைதானமும் ஒன்றாக இருந்தால் வழியும் ஒன்றாகத்தான் வரும் போலிருக்கிறது. நம்ம ஊரிலேயே அவருக்கு முன்னோர் உண்டு. காங்கிரஸ் போராட்ட காலத்தில் மேடை நாடகத்தில் பாடிப் பாடி ஜெயிலுக்குப் போன விஸ்வநாததாஸ், அவருக்குப் பாட்டு எழுதித் தந்த மதுரகவி பாஸ்கரதாஸ், கட்சிக்குள்ளேயே பாட்டெழுதிய ஜீவா.

அதே 1958-ல்தான் பாவலர் வாழ்க்கையின் பெரிய சம்பவமும் நடந்தது. தேவிகுளம் இடைத்தேர்தல்.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று 1954 வாக்கில் பெரிய போராட்டமே நடந்தது. 1956-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது அந்தப் பகுதி கேரளத்துக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் 1957-ல் கேரளத்தில் தேர்தல். 126 இடங்களில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60. சுயேச்சைகள் 5 பேரைச் சேர்த்துக்கொண்டு இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் ஏப்ரல் 5-ம் தேதி முதலமைச்சர் ஆனார். மயிரிழையில் நிற்கிற மந்திரிசபை. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தங்கம். தேவிகுளத்தில் ஜெயித்திருந்த ரோசம்மா புன்னூஸ் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. எதிர்த்தரப்பு வேட்பாளர் பி.கே. நாயரின் மனுவைத் தப்பாகத் தள்ளிவிட்டார்கள் என்பது வழக்கு. மறுபடியும் தேர்தல். ரோசம்மாவும் நாயரும் நேருக்கு நேர்.

நாடு முழுக்க அந்தத் தேர்தலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் ஓட்டுப் போடப் போகிறவர்கள் யார்? மூணாறுப் பக்கத்து எஸ்டேட்டுகளில் கொழுந்து கிள்ளுகிற தமிழ் ஜனங்கள். மலையாளத்தில் எவ்வளவு பெரிய தலைவர் வந்து பேசினாலும் பாதி காதில் ஏறாது. ரோசம்மா புன்னூஸ் திருவிதாங்கூர்க்காரர். ஓட்டர்களோ கம்பம், போடி, தேவாரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஏறிப் போனவர்கள், அவர்கள் பிள்ளைகள். அவர்கள் பேச்சிலேயே, அவர்கள் ஊர் மெட்டிலேயே பேசுகிற ஆள் வேண்டும். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் மலை ஏறினார்.

எஸ்டேட் பிரச்சாரம் என்றால் கீழ்நாட்டுப் பிரச்சாரம் மாதிரி கிடையாது. ஒரு லயத்துக்கும் இன்னொரு லயத்துக்கும் நடுவில் மலைச் சரிவு, ஓடை, பனி. கம்பெனிச் சொத்துக்குள் கண்டவர்கள் நுழைந்து கூட்டம் போட முடியாது. வேலை விட்டு வந்து, குளிரில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பாட வேண்டும். ஹார்மோனியம் ஈரத்தில் சுருதி இறங்கும். தொண்டைக்கு மலைக்குளிர் ஆகாது. அந்தத் தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் மறுபடியும் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குத்தான் முதல் பங்கு என்று இ.எம்.எஸ்.ஸே பாராட்டியதாக இந்தப் பக்கத்தில் பெரியவர்கள் சொல்லுவாக.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு மட்டுமே தேர்தலை ஜெயிக்க வைக்காது. பல வருஷமாக எஸ்டேட்டுக்குள்ளே சங்கம் கட்டியவர்கள் இருந்தார்கள், அடி வாங்கியவர்கள் இருந்தார்கள், வேலை போனவர்கள் இருந்தார்கள். அந்த வேலை நடக்காத இடத்தில் பாவலர் விடிய விடியப் பாடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் சங்கம் சொன்னதை வீட்டுக்குள்ளே, அடுப்பங்கரைக்குள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது பாட்டு. கூட்டத்துக்கு வராத பொம்பளைகளும், ஓட்டு இல்லாத பிள்ளைகளும் பாடித் திரிந்தார்கள். மூணாறுப் பக்கம் எஸ்டேட்டில் இருந்த என் சித்தப்பா ஒருவர், அரசியலே பேசாத மனிதர், வேலைக்கு நடுவில் முணுமுணுக்கிற மெட்டு ஒன்று உண்டு. வார்த்தை பாதி மறந்துவிட்டது. என்ன பாட்டு என்று கேட்டால், தேர்தல் பாட்டு என்பார். எந்தத் தேர்தல் என்றால், பாவலர் வந்த தேர்தல் என்பார். வேட்பாளர் பேரைச் சொல்லமாட்டார்.

பாவலரின் மேடையில் தம்பிமார் ஒவ்வொருவராக வந்து சேர்ந்ததும் அதே காலத்தில்தான். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் தொண்டை ஒத்துழைக்காத ஒரு சமயத்தில், கூட ராசையாவைக் கூட்டிக்கொண்டு போ, நடுநடுவே அவன் பாடினால் உனக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும் என்று தாயார் சொல்லி அனுப்பியதாகக் கதை. ராசையாவுக்கு அப்போது 14 வயசு. உடையாத குரல். பொம்பளைக் குரலில் பாடுவார். மேடையில் சோடிப் பாட்டுக்கு அண்ணன் ஆண் குரல், தம்பி பெண் குரல். அப்புறம் தம்பிக்குக் குரல் உடைந்தது. பெண் குரல் வேலை அடுத்த தம்பி அமருக்குப் போனது. குரல் போனதால் ராசையா ஹார்மோனியத்தோடு ஒட்டிக்கொண்டார். தமிழ்நாட்டுக்கு எவ்வளவு பெரிய லாபம் ஒரு பையனுக்குக் குரல் உடைந்ததால் வந்தது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். பாஸ்கர் தாள வாத்தியம். குழுவுக்குப் பேர் பாவலர் பிரதர்ஸ்.

சுமார் 10 வருஷம் இப்படி. தமிழ்நாட்டின் நாலு திசையும், கேரளமும், தென்னிந்தியாவில் தமிழ் ஜனங்கள் இருக்கிற இடமெல்லாம். லாரி மேலே, பஸ் கூரை மேலே, சில இடங்களில் நடை. சோறு கட்சிக்காரர் வீட்டில். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இந்த 10 வருஷத்தை இளையராஜாவின் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் தன்ராஜ் மாஸ்டரிடம் போவதற்கு முன்னால் அவர் படித்த காலேஜ் இதுதான். ஒரே மெட்டை வெவ்வேறு ஊர் ஜனங்கள் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள், எந்த இடத்தில் கை தட்டுகிறார்கள், எந்த இடத்தில் பீடி பற்ற வைக்க எழுந்து போகிறார்கள் என்பதைத் தினமும் ராத்திரி கண்ணால் பார்த்துப் படித்த படிப்பு. அவர் முதன்முதலில் மெட்டமைத்ததும் இந்தக் குழுவில்தான். 1964-ல் நேரு இறந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு இசை போட்டார். கம்யூனிஸ்ட் மேடையில் வளர்ந்த பையன், காங்கிரஸ் பிரதமருக்கு, வேறு அரசியலில் இருந்து வந்த கவிஞரின் வரியில். சினிமா உலகத்துக்கு வேண்டிய மனசு அப்போதே வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அதே 1964-ல் கட்சி இரண்டாக உடைந்தது. நேற்று வரை ஒரே மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எதிரெதிர் மேடையில். தலைவர்களுக்கு அது கொள்கைப் பிரச்சினை. கலைஞனுக்கோ அது இருந்த மைதானம் பாதியாகிற சமாச்சாரம். 1967-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அவர்கள் மேடையில் நாகூர் ஹனீபா மாதிரி கம்பீரக் குரல்கள். அந்தப் பாட்டுகளுக்கு இசைத்தட்டும் வந்தது. சினிமாவே அவர்கள் கையில் இருந்தது. சினிமா மெட்டைக் கடன் வாங்கிப் பாடுகிற மேடைக்கும், சினிமாவையே வைத்திருக்கிற மேடைக்கும் போட்டி என்றால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

1960-களின் கடைசியில் தம்பிமார் மெட்ராசுக்குக் கிளம்பினார்கள். வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுத் தாயார் கையில் கொடுத்து அனுப்பிய கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அல்லிநகரத்து பாரதிராஜா அவர்களுக்கு முன்பே பழக்கம். அவர் நாடகங்களுக்கு இவர்கள் இசை போட்டதுண்டு. அங்கே தன்ராஜ் மாஸ்டர், ஜி.கே. வெங்கடேஷ் என்று அடுத்த அத்தியாயம் ஆரம்பிக்கிறது. அந்த அத்தியாயத்தை எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

நான் நினைத்துப் பார்ப்பது ஊரில் நின்றுவிட்ட அண்ணனை. சாதாரணமாக ஒரு குழுவிலிருந்து பெரிய பாட்டுக்காரர் தனியாகப் பிரிந்து போவார், குழு கலைந்துபோகும். அதைத்தான் உலகம் தனி வழி போனார் என்று எழுதும். இங்கே நடந்தது வேறு. குழு போய்விட்டது, பாட்டுக்காரர் நின்றுவிட்டார். தனியாகத் தொடங்கியவர் மறுபடி தனி ஆள் ஆனார். ஹார்மோனியத்தில் விரல் வைத்து அண்ணன் முகத்தைப் பார்த்தே சுருதி மாற்றுகிற தம்பி பக்கத்தில் இல்லை. எடுத்துக் கொடுக்க, வாங்கிப் பாட ஆள் இல்லை. பத்து வருஷம் சேர்ந்து பாடிப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று பஜனை மடத்தில் பாடுகிறவர்களைக் கேட்டால்கூடச் சொல்லுவார்கள்.

அவரும் மெட்ராஸ் போயிருக்கலாமே என்று கேட்கலாம். அவர் கட்சியிலிருந்தே பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சினிமாவுக்குப் போனார். 29 வயசில் 1959-ல் இறப்பதற்குள் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கவிஞர் ஆனார். விவசாயிகள் இயக்கத்தில் இருந்த ஆள் சினிமாவுக்கு எழுதினால் கொள்கை போய்விடும் என்பது பொய் என்று நிரூபித்தும் காட்டினார். ஆனால் பட்டுக்கோட்டை எழுதினால் போதும், பாட டி.எம்.எஸ். இருந்தார். பாவலர் பாட்டில் எழுத்தையும் குரலையும் மேடையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. இன்றைக்குப் பாடியதை நாளைக்கு வேறு ஊரில் வேறு சரணத்தோடு பாடுகிற கலை அது. ஒரு தடவை பதிவாகிவிட்டால் மாறவே மாறாத சினிமாப் பாட்டுக்குள் அதை அடைக்க முடிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். என் நண்பர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வாய்ப்புக் கிடைத்திருந்தால் அங்கேயும் கொடி நாட்டியிருப்பார் என்பார்கள். இருக்கலாம்.

1976 மே மாதம் அன்னக்கிளி வந்தது. நாங்கள் எல்லாம் அப்போது மாணவர்கள். ரேடியோவில், முக்கியமாக சிலோன் ரேடியோவில், அந்தப் பாட்டு வந்தால் ஹாஸ்டலில் குளித்துக்கொண்டிருக்கிறவன்கூட ஈரத்தோடு ஓடி வருவான். யாருப்பா இந்த இளையராஜா என்று ஊரெல்லாம் கேட்டது. பேருக்கு முன்னால் இளைய என்பதைச் சேர்த்தவர் பஞ்சு அருணாசலம் என்று பத்திரிகையில் படித்தோம். வீரபாண்டியில் எங்கள் தெருப் பெரியவர்களுக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை. இது பாவலர் வீட்டு மெட்டுடா என்று கேட்டவுடனே சொல்லிவிட்டார்கள். நெல் குத்துகிற பாட்டும் கும்மியும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு வருவது மெட்ராஸ்காரர்களுக்குப் புதுசு. எங்களுக்குப் புதுசாக இருந்தது ஆர்க்கெஸ்ட்ரா மட்டும்தான்.

அதைக் கேட்பதற்குப் பாவலர் உயிரோடு இல்லை. அன்னக்கிளி திரைக்கு வருவதற்கு முன்பே, 1970-களில், அவர் காலமாகிவிட்டார். தம்பியின் பேரைச் சினிமா போஸ்டரில் அவர் பார்க்கவில்லை. 1977-ல் பதினாறு வயதினிலே வந்து தேனிப் பக்கத்துப் பேச்சும் பாட்டும் தமிழ்நாட்டின் பேச்சும் பாட்டும் ஆனதையும் பார்க்கவில்லை. அமர்சிங் கங்கை அமரன் ஆகிப் பாட்டெழுதி, 1989-ல் கரகாட்டக்காரன் எடுத்ததையும் பார்க்கவில்லை. மேடையில் அண்ணனோடு பாடிப் பழகிய பையன் எடுத்த படத்தில் ஒரு கிராமியக் குழு வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது என்பதை நான் எப்போதும் கவனித்துத்தான் பார்ப்பேன்.

தம்பிமார் மறக்கவில்லை. சொந்தப் படக் கம்பெனி ஆரம்பித்தபோது அதற்கு வைத்த பேர் பாவலர் கிரியேஷன்ஸ். 1981-ல் அலைகள் ஓய்வதில்லை, 1989-ல் ராஜாதி ராஜா, 1992-ல் சிங்காரவேலன். வெள்ளித்திரையில் எழுத்து பெரிதாக வரும். தியேட்டரில் விசில் அடிக்கிற எத்தனை பேருக்கு அந்தப் பேர் ஒரு ஆளுடைய பேர் என்று தெரிந்திருக்கும்? கூலி உயர்வு கேட்டுப் பாடினவர் பேரில் ரஜினி படமும் கமல் படமும் வந்தது விந்தைதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு குடும்பம் தன் மூத்தவருக்குச் செய்யக்கூடிய மரியாதையை அவர்கள் தங்களுக்குத் தெரிந்த தொழிலில் செய்தார்கள்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பாவலருக்கு இசைத்தட்டுக் கம்பெனி கிடையாது, ரேடியோ கிடையாது. அவர் பாட்டு கேட்டவர் காதிலும் பாடியவர் வாயிலும்தான் தங்கியது. 1958-ல் தேவிகுளத்தில் 20 வயசாக இருந்தவருக்கு இப்போது வயசு 85-க்கு மேல். என் சித்தப்பா போய்விட்டார். அவரோடு அந்த அரைகுறை மெட்டும் போய்விட்டது. நான் கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், ஒருவருக்கு மெட்டு ஞாபகம் இருக்கிறது, வார்த்தை இல்லை. இன்னொருவருக்கு முதல் அடி இருக்கிறது, சரணம் இல்லை. மூன்றாமவர் பாடியது சினிமாப் பாட்டின் வார்த்தையா, பாவலர் வார்த்தையா என்று அவருக்கே குழப்பம்.

அந்தக் காலத்தில் கூட்டத்தில் பாடுகிற பாட்டுகளைச் சாணித்தாளில் நாலு பக்கம், எட்டுப் பக்கமாக அச்சடித்து விற்பது எல்லாக் கட்சியிலும் வழக்கம். அவை பெரும்பாலும் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், தாத்தாவின் பாஸ் புத்தகத்தோடும் நிலப் பத்திரத்தோடும் கிடக்கும். கரையான் அரிக்காமல் இருந்தால் உண்டு. நம் மாணவர்களில் கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், போடிப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மலைக்கு மேலே சொந்தம் இருக்கிறவர்களும் உண்டு. தீபாவளிக்கோ, எங்கள் ஊர்ச் சித்திரைத் திருவிழாவுக்கோ வீட்டுக்கு வருகிற தாத்தா பாட்டிகளைப் பிடித்து உட்கார வைத்து, பாவலர் பாட்டு ஏதாவது தெரியுமா என்று கேளுங்கள். கையில் போன் இருக்கிறது, அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள். பாடியவர் பேர், ஊர், எந்த வருஷம் எங்கே கேட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தாள் கிடைத்தால் லேமினேட் செய்ய வேண்டாம், பழைய தாள் பாழாகிவிடும். ரெண்டு அட்டைக்கு நடுவில் வைத்து நம் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். மலர்க்குழுவிடம் பேசிவிட்டேன், ஒரு தனி அலமாரி ஒதுக்கிவைக்கச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.